பதிவுக்குப் பூட்டு எங்கே? ஃபங்ஷனல் மொழிகளில் உள்விவரத்தை மறைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ சில வருடம் வேலை செய்துவிட்டு ஃபங்ஷனல் மொழிக்கு, அதாவது மாறாத மதிப்புகளையும் ஃபங்ஷன்களையும் வைத்து புரோகிராம் எழுதும் மொழிக்கு, வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பியும் கேட்டான். "அண்ணா, இதுல பிரைவேட் எங்க போடறது?" கிளாஸ் கிடையாது, ஃபீல்டுக்கு முன்னால் எழுதி அதை வெளியாரிடமிருந்து மறைக்கும் பிரைவேட் என்ற சொல்லும் கிடையாது. அப்படியானால் எல்லாமே திறந்து கிடக்கிறதா என்று அவனுக்குப் பயம். நியாயமான பயம்தான். க்ளோஜர், ஹாஸ்கல், ஓகேமல், எர்லாங் ஒவ்வொன்றும் இதற்கு வேறு வேறு பதில் வைத்திருக்கின்றன. ஒரே மொழிக்குள் இரண்டு மூன்று வழிகளும் உண்டு. ஹாஸ்கலில் எழுதிய எங்கள் கணக்கு மென்பொருளை முன்னால் வைத்து அவனோடு உட்கார்ந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் சின்னது: குறிப்பேட்டுப் பதிவு. பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குப் பழக்கமானது. கடை வாடகை 12,000 ரூபாய் பற்று, வங்கி 12,000 ரூபாய் வரவு. ஒரு பதிவில் எத்தனை வரிகள் இருந்தாலும் பற்றின் கூட்டுத்தொகையும் வரவின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். புரோகிராமுக்குள் அது ஒரு லிஸ்ட்தான். ஒவ்வொரு வரியிலும் கணக்கின் பெயர், பைசாவில் முழு எண்ணாகத் தொகை, பற்றா வரவா என்ற குறி. அந்த லிஸ்டின் மேல் ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது. அந்த விதிக்கு யாரைக் காவல் வைப்பது?

ஜாவாவில் பிரைவேட் செய்யும் வேலையில் பாதி, நம் கையில் இருக்கும் ஆப்ஜெக்டை வேறு யாரோ பின்னால் மாற்றிவிடாமல் காப்பது. உள்ளே இருக்கும் லிஸ்டை ஒரு கெட்டர் (உள் மதிப்பை எடுத்துத் தரும் ஃபங்ஷன்) அப்படியே வெளியே கொடுத்துவிடும்; வாங்கியவர் அதில் ஒரு வரியைச் சேர்ப்பார்; நம் ஆப்ஜெக்ட் நமக்குத் தெரியாமலே கெட்டுப்போகும். மதிப்புகள் மாறாத மொழியில் இந்தப் பாதி வேலைக்கே இடமில்லை. பதிவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், என்னிடம் இருப்பது அப்படியே இருக்கும். மிச்சம் இருப்பவை இரண்டு கவலைகள். சமமில்லாத பதிவு ஒன்றை யாரும் உருவாக்கிவிடக் கூடாது. நாளைக்கு லிஸ்டை விட்டு வேறு அமைப்புக்கு நான் மாறினால் மற்றவர்களின் கோட் உடையக் கூடாது. கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இரண்டாவது கவலையைப் பற்றியதுதான்: வேலை நடக்கும் வரிசையைப் பார்த்து மாட்யூல் (கோடின் தனிப் பகுதி) பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரு மாட்யூலுக்குள் அடக்குங்கள் என்றார். ஆக, யார் பார்க்கலாம் என்ற கேள்வி இங்கே அவ்வளவு முக்கியமில்லை. யார் உருவாக்கலாம், யாருடைய கோட் எதை நம்பியிருக்கலாம் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

திறந்தே வைத்துவிடுவது

ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்ட க்ளோஜரில் வழக்கம் இது. பதிவு என்பது ஒரு சாதாரண மேப், அதாவது சாவியும் அதற்கான மதிப்புமாகச் சேர்ந்த தொகுப்பு. தேதி, வரிகள், குறிப்பு என்று சாவிகள். மறைக்க எதுவும் இல்லை; மொழியோடு வரும் நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள் எல்லாம் அதன்மேல் நேரடியாக வேலை செய்யும். வடிகட்டுவது, குழுவாகப் பிரிப்பது, இரண்டை இணைப்பது எதற்கும் புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டியதில்லை. அறிக்கை தயாரிக்கும் வேலையில் இதன் சுகம் தெரியும். மூடிய டைப் வைத்திருப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாசல் கட்டித்தர வேண்டியிருக்கும்போது, க்ளோஜர்காரர் இரண்டு வரியில் பதிலை எடுத்துவிடுவார்.

ஆனால் சமம் என்ற விதிக்கு இங்கே நிரந்தரக் காவல் இல்லை. க்ளோஜர் 1.9-இல், 2017 டிசம்பரில், தகவலின் வடிவத்தை விவரித்துச் சோதிக்கும் ஸ்பெக் என்ற லைப்ரரி வந்தது. பற்றும் வரவும் சமமா என்று அதில் எழுதிவைக்கலாம், வேண்டிய இடத்தில் சோதிக்கலாம். சோதித்து முடித்த அடுத்த வரியிலேயே யாராவது ஒரு தொகையை மாற்றிப் புதிய மேப் செய்தால், அது சோதிக்கப்படாத மேப். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சோதித்ததற்கும் சோதிக்காததற்கும் டைப்பில் வித்தியாசம் தெரியாத இடத்தில், கவனமான ஆட்கள் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பச் சோதிக்க ஆரம்பிக்கிறார்கள். கவனமில்லாதவர்கள் எங்கேயும் சோதிப்பதில்லை.

வெளியிலிருந்து வரும், இன்னும் நம்பத் தகாத தகவலுக்கு இந்தத் திறந்த வடிவம்தான் சரியானது என்பது என் கருத்து. எக்ஸெல்லிலிருந்து வந்த வரிகளுக்கு எந்த விதியும் கிடையாது. இருப்பதுபோல நடிப்பதும் தவறு.

குளோஷருக்குள் அடைப்பது

பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் மேலே சொன்ன மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு ஃபங்ஷன் தான் பிறந்த இடத்தில் இருந்த மாறிகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகுமே, அதைச் சொல்கிறேன். பதிவை உருவாக்கும் ஃபங்ஷன் வரிகளை வாங்கி, சரிபார்த்து, இரண்டு மூன்று சின்ன ஃபங்ஷன்களை மட்டும் திருப்பித் தருகிறது: மொத்தம் சொல், இந்தக் கணக்கின் தொகை சொல், அச்சிடு. வரிகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஸ்கீம் என்ற மொழியிலும், கிளாஸுக்குள் தனி ஃபீல்டு வசதி வருவதற்கு முன்பு ஜாவாஸ்கிரிப்டிலும் இதுதான் நடைமுறை. டைப் செக்கர் இல்லாமலே நிற்கும் பூட்டு என்பது இதன் பலம்.

இடிக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பதிவுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். முதல் பதிவுக்குத் தன் வரிகள் தெரியும். இரண்டாவதன் வரிகள் அதற்கும் வெளி ஆள்போலத்தான், தெரியாது. வெளியே விட்ட இரண்டு மூன்று ஃபங்ஷன்களை வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டும். சேர்ப்பதற்காகவே வரிகளைத் தரும் ஒரு ஃபங்ஷனையும் வெளியே விட்டால் மறைத்ததில் பாதி வெளியே வந்துவிடும். வில்லியம் குக் 2009-இல் எழுதிய கட்டுரையில் ஆப்ஜெக்டையும் அப்ஸ்ட்ராக்ட் டைப்பையும் (உள்ளமைப்பை மறைத்த டைப்) பிரித்துக் காட்டியபோது இந்த வேறுபாட்டைத்தான் தெளிவாக வைத்தார். மாட்யூலுக்குள் மறைத்த டைப்பில், அந்த மாட்யூலின் ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளின் உள்ளேயும் ஒரே நேரத்தில் பார்க்க முடியும். குளோஷரால் தன் உள்ளே மட்டும்தான் பார்க்க முடியும்.

பதிலுக்கு குளோஷர் தருவதும் பெரியதுதான். உள்ளே வேறு வேறாக இருப்பவை வெளியே ஒன்றாக நிற்க முடியும். நினைவகத்தில் இருக்கும் பேரேடு, டேட்டாபேஸில் இருக்கும் பேரேடு, டெஸ்டுக்காகச் செய்த போலிப் பேரேடு மூன்றையும் ஒரே லிஸ்டில் போட்டு ஒரே மாதிரி அழைக்கலாம். எனவே எங்கள் கோடில் சேமிப்பு, மின்னஞ்சல் அனுப்புவது, கடிகாரம் ஆகியவை ஃபங்ஷன்களின் தொகுப்பாக இருக்கின்றன. பதிவு அப்படி இல்லை. பதிவுக்கு இரண்டாவது வடிவம் என்று எதுவும் தேவைப்பட்டதே இல்லை.

மாட்யூல் வாசலில் பூட்டுவது

ஹாஸ்கலில் ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் எதெதை வெளியே விடுகிறோம் என்ற பட்டியல் இருக்கும். டைப்பின் பெயரை மட்டும் அதில் எழுதி, அந்த டைப்பில் மதிப்பை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை எழுதாமல் விட்டால் போதும். வெளியே இருப்பவர் "பதிவு" என்ற டைப்பைப் பெயர் சொல்லலாம், ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம், லிஸ்டில் வைக்கலாம். புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமானால் நான் வெளியே விட்ட ஃபங்ஷன் வழியாகத்தான் வர வேண்டும். அது வரிகளை வாங்கும், கூட்டிப் பார்க்கும், சமமானால் பதிவைத் தரும், இல்லையானால் எத்தனை பைசா இடிக்கிறது என்று பிழையைத் தரும். ஒரு தடவை பதிவு என்ற டைப்பில் ஒன்று கைக்கு வந்துவிட்டால் மறுபடி சோதிக்க வேண்டாம். சோதனை நடந்ததற்கு அந்த டைப்பே சாட்சி.

இதன் பிறப்பு தெரிந்தால் மதிப்பு கூடும். கணினி அறிஞர் ராபின் மில்னர் 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் எல்சிஎஃப் என்ற நிரூபணக் கருவியைச் செய்தபோது, ஒவ்வொரு நிரூபணத்தின் படிகளையும் நினைவகத்தில் வைத்திருந்ததால் இடம் போதவில்லை. பிறகு எடின்பரோவில் அதைத் திரும்பச் செய்தபோது படிகளைச் சேமிப்பதை விட்டு, முடிவான தேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படிகளே இல்லாமல் ஒரு தேற்றத்தை எப்படி நம்புவது? தேற்றம் என்பதை ஓர் அப்ஸ்ட்ராக்ட் டைப் ஆக்கினார்கள். தருக்க விதிகளை நடத்தும் சில ஃபங்ஷன்கள் மட்டும்தான் அந்த டைப்பில் மதிப்பை உருவாக்க முடியும். கையில் ஒரு தேற்றம் இருக்கிறது என்றால் அது அந்த விதிகள் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், வேறு வாசலே கிடையாது. அந்தக் கருவிக்காக உருவான மொழிதான் எம்எல். 2014-இல் தாமஸ் ஹேல்ஸ் குழு ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்பது பற்றிய கெப்ளர் ஊகத்தின் முறையான நிரூபணத்தை முடித்தபோது பயன்படுத்திய ஹெச்ஓஎல் லைட், இசபெல் என்ற நிரூபணக் கருவிகள் இரண்டும் இதே ஏற்பாட்டின் வாரிசுகள். இவ்வளவு பெரிய நிரூபணத்தின் நம்பகம் சில ஃபங்ஷன்கள் கொண்ட ஒரு சின்ன வாசலில் தங்கியிருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான். எங்கள் பதிவும் அளவில் சின்னதே தவிர அதே ஏற்பாடுதான்.

பூட்டு போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு மார்ச் மாத முடிவில் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) சேரவில்லை. வித்தியாசம் சில பைசா. பைசாவாயிற்றே என்று விடக்கூடிய வேலை இல்லை இது. சமமில்லாத பதிவே இருக்க முடியாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த மென்பொருள். இரண்டு ராத்திரி தேடியதில் ஒரு பழைய பில் கிடைத்தது. பொருளின் விலை 1,234.50 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்த ஜிஎஸ்டி 222.21. அதையே மத்திய, மாநிலப் பங்கு என்று 9 சதவீதமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 111.105, மேலே முழுமையாக்கினால் 111.11, இரண்டும் சேர்ந்து 222.22. ஒரு பைசா அதிகம். பழைய மென்பொருள் மொத்தத்தை ஒரு வழியிலும் பங்குகளை இன்னொரு வழியிலும் கணக்கிட்டிருந்தது. அந்தத் தகவல் ஜேசன் என்ற எழுத்து வடிவக் கோப்பாக எங்களுக்குள் வந்தபோது யாரும் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை? ஜேசனிலிருந்து பதிவை எடுக்கும் டிகோடரை நாங்கள் எழுதவில்லை, கம்பைலரையே உருவாக்கித்தரச் சொல்லியிருந்தோம். அது டைப் இருந்த மாட்யூலுக்குள்ளேயே உருவானது. உள்ளே இருப்பவருக்குக் கன்ஸ்ட்ரக்டர் தெரியும், எங்கள் சோதனை ஃபங்ஷனை அது தொடவே இல்லை, நேராக வரிகளை எடுத்துப் பதிவு ஆக்கிவிட்டது. முன்வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஹாஸ்கலில் ஏற்றுமதிப் பட்டியல் இன்ஸ்டன்ஸ்களை (ஒப்பீடு, டிகோடிங் போன்ற பொது வேலைகளை ஒரு டைப்புக்கு எழுதிவைக்கும் பகுதிகள்) கட்டுப்படுத்தாது. அவை எப்போதும் வெளியே போகும். டிகோடருக்காக, டைப்பின் உள்ளமைப்பைப் பொதுவான வடிவில் காட்டும் ஜெனரிக் இன்ஸ்டன்ஸை எடுத்திருந்தால், கன்ஸ்ட்ரக்டரை மறைத்த பிறகும் அந்த வழியாக வெளியே யார் வேண்டுமானாலும் பதிவைச் செய்துகொள்ளலாம்.

இதன் பிறகு எங்கள் பழக்கம் மாறியது. ஜேசன் முதலில் விதி எதுவும் இல்லாத, திறந்த "வரைவு" என்ற டைப்புக்கு வரும். தானாக உருவாகும் டிகோடர் அதற்கு மட்டும். வரைவிலிருந்து பதிவுக்குப் போக ஒரே ஃபங்ஷன். பதிவு இருக்கும் மாட்யூலை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறோம். அந்த ஃபைலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோட் வரியும் விதியை மீறும் சக்தி உள்ளது, ஆகவே ஒரே மூச்சில் படித்து முடிக்கும் அளவைத் தாண்ட விடுவதில்லை.

கன்ஸ்ட்ரக்டரை மறைத்தால் பேட்டர்ன் மேட்சிங், அதாவது மதிப்பை அதன் வடிவம் பார்த்துப் பிரித்துப் படிப்பது, போய்விடுமே என்ற குறை நியாயமானது. ஃபங்ஷனல் மொழியின் பெரிய வசதியையே பிடுங்கிக்கொள்வது அது. ஓகேமலில் இதற்கு அழகான தீர்வு உண்டு: இன்டர்ஃபேஸில் டைப்பைப் பிரைவேட் என்று அறிவித்தால் வெளியே இருப்பவர் பிரித்துப் படிக்கலாம், உருவாக்க மட்டும் முடியாது. தம்பி தேடிய சொல் கடைசியில் அங்கேதான் இருந்தது. பொருள்தான் ஜாவாவில் இருப்பதற்கு நேர் எதிர். ஹாஸ்கலில் ஒருவழிப் பேட்டர்ன் சினானிம் (பிரித்துப் படிக்க மட்டும் பயன்படும் பெயர்) வைத்து இதே காரியத்தைச் செய்யலாம். படிப்பதை அனுமதித்துவிட்டால் உள்ளமைப்பை மாற்றும் சுதந்திரம் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மொழியே பூட்டை உடைத்த காலமும் உண்டு. உள்ளே ஒரே வடிவம் கொண்ட டைப்புகளைச் செலவில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் வசதி ஹாஸ்கலுக்கு வேண்டியிருந்தது. ஆனால் சாவிகளை ஏறுவரிசையில் அடுக்கிய மேப்பை, இறங்குவரிசை டைப்பின் மேப்பாக அப்படி மாற்றிவிட்டால் உள்ளே இருக்கும் மரம் பொய்யாகிவிடும்; இருக்கும் சாவியையே இல்லை என்று சொல்லும். 2014-இல் வந்த ஜிஹெச்சி என்ற ஹாஸ்கல் கம்பைலரின் 7.8 பதிப்பில் ரோல் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான், மேப் எழுதியவர்கள் சாவியின் டைப்பை இப்படி மாற்றக் கூடாது என்று தங்கள் லைப்ரரியில் எழுதிவைக்க முடிந்தது.

ஓகேமலின் கையொப்பமும் ஃபங்க்டரும்

ஸ்டாண்டர்டு எம்எல்லுக்காக டேவிட் மெக்வீன் 1984-இல் முன்வைத்த மாட்யூல் அமைப்பும், ஓகேமலில் இன்று இருப்பதும் ஒரே குடும்பம். ஹாஸ்கலில் மாட்யூல் ஒரு பெயர்ப் பட்டியல்தான் என்றால் இங்கே மாட்யூலுக்கே டைப் உண்டு. அதைக் கையொப்பம் என்பார்கள். ஒரே மாட்யூலுக்கு இரண்டு கையொப்பம் போடலாம்: உள்குழுவுக்குத் தாராளமாக ஒன்று, வெளியாருக்கு இறுக்கமாக ஒன்று. மாட்யூலை வாங்கி மாட்யூலைத் தரும் ஃபங்ஷனும் உண்டு, அதுதான் ஃபங்க்டர்.

ஃபங்க்டர் எப்போது உதவும் என்பதற்கு நல்ல உதாரணம் அதன் மேப்தான். பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காமல் ஒப்பிடும் மேப் ஒன்று, பார்த்து ஒப்பிடும் மேப் ஒன்று என்று இரண்டு செய்தால் அவை வேறு வேறு டைப்புகள். தவறி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் கம்பைலர் நிறுத்திவிடும். ஹாஸ்கல் இதையே டைப் கிளாஸ் வழியாகச் சாதிக்கிறது. ஒரு டைப்புக்கு ஒரே ஒப்பீட்டு முறைதான், வேறு முறை வேண்டுமானால் புது டைப் செய்துகொள். தினசரி வேலைக்கு ஹாஸ்கலின் வழி எழுத எளிது. ஃபங்க்டரில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, வாங்கி, கொடுத்து, எழுத்து வேலை அதிகம். ஆனால் ஒரு பெரிய பகுதியை முழுதாகக் கழற்றி இன்னொன்றை மாட்டக்கூடிய இடத்தில் அந்த எழுத்து வேலை வீண் போகாது.

ஓகேமலில் புதிதாக வருகிறவர்கள் அடிபடும் இடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெற்று செட்டில் முதலில் 1, பிறகு 2 சேருங்கள். இன்னொரு செட்டில் முதலில் 2, பிறகு 1. இரண்டிலும் இருப்பது ஒன்றுதான். மொழியின் சாதாரணச் சமக்குறியை வைத்து இரண்டும் சமமா என்று கேட்டால், இல்லை என்று வரும். அந்தக் குறி டைப்பின் பூட்டை மதிக்காமல் உள்ளே இறங்கி மரத்தின் வடிவத்தை ஒப்பிடுகிறது. ஒன்றில் 1 மேலே இருக்கும், மற்றதில் 2 மேலே. செட் மாட்யூல் தரும் ஈக்வல் ஃபங்ஷனைத்தான் கேட்க வேண்டும். டெஸ்டில் இது சிக்கினால் அதிர்ஷ்டம்.

எர்லாங்கைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே ஒரு டைப்பை ஒபேக் (உள்ளே பார்க்கக் கூடாதது) என்று அறிவிக்கலாம், ஆனால் காவல் டயலைசர் என்ற தனிக் கருவியிடம். ஓடும்போது, மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ட்யூப்பிள் ட்யூப்பிள்தான், யாரும் பிரிக்கலாம். அங்கே உண்மையான சுவர் ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் சின்ன வேலை. ஒரு ப்ராசஸின் நினைவகத்தை இன்னொன்று தொட முடியாது, செய்திதான் அனுப்ப முடியும். மாறிக்கொண்டே இருக்கும் நிலைக்கு அது பொருத்தம். ஒருமுறை எழுதினால் மாறாத பதிவுக்கு ப்ராசஸ் வைப்பது அதிகப்படி.

எங்கள் முடிவு

ஒன்றையே எல்லா இடத்திலும் வைக்கவில்லை. ஓரத்தில், வெளி உலகம் தொடும் இடத்தில், வரைவு திறந்தே இருக்கிறது. நடுவில், விதி இருக்கும் பதிவு, தொகை, கணக்கு எண் மூன்றும் மாட்யூல் வாசலில் பூட்டப்பட்டவை. மூன்றையும் படிக்க முடியும், நேரடியாக உருவாக்க முடியாது. சேமிப்பு போன்ற வெளி வேலைகள் ஃபங்ஷன் தொகுப்புகள். ஃபங்க்டர் அளவுக்கான தேவை எங்களுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு நாட்டு வரி விதிகளை ஒரே மென்பொருளில் கழற்றி மாட்ட வேண்டிவந்தால் ஓகேமல்காரர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும்.

விதியே இல்லாத டைப்பை மறைக்காதீர்கள் என்று தம்பியிடம் அழுத்திச் சொன்னேன். வாடிக்கையாளரின் முகவரி என்பது நான்கு வரி எழுத்து. அதற்குக் கன்ஸ்ட்ரக்டரை மறைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதி வைப்பது ஜாவா பழக்கம் விடாமல் கூட வருவது. அப்படி எழுதிய ஒரு மாட்யூலை அவன் கொண்டுவந்தான். உட்கார்ந்து இருவருமாகப் பாதிக்கு மேல் அழித்தோம்.

டெஸ்டுகளை என்ன செய்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. ஹாஸ்கல் லைப்ரரிகளில் இன்டர்னல் என்ற பெயரில் தனி மாட்யூல் வைத்து எல்லாவற்றையும் அதில் திறந்துவிடும் வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர் தன் பொறுப்பில் வரலாம், அடுத்த பதிப்பில் மாறினால் கேட்கக் கூடாது. டெஸ்டுக்கு அது வசதி. தம்பி வேண்டும் என்கிறான்: சமமில்லாத ஒரு பதிவைச் செய்து பார்த்தால்தான், இருப்பாய்வு அறிக்கை அதைக் கண்டுபிடிக்கிறதா என்று தெரியும் என்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். மார்ச் மாதத்தில் நாங்கள் தேடியலைந்த கொல்லைக் கதவும் ஒரு வசதிக்காகத் திறந்ததுதான். அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதால், டெஸ்டுக்கு மட்டும் கம்பைல் ஆகும்படி அந்த மாட்யூலைப் பிரித்து வைக்க முடியுமா என்று இந்த வாரம் பில்டு ஃபைலில் முயன்றுகொண்டிருக்கிறோம்.